கம்ப்யூட்டர் அறை வாசலில் இரண்டு ஜோடி

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், ஆட்சேபணை இல்லை. நடந்த ஆசாமியே இன்றைக்கும் பாதிக் கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். மீதிப் பாதியில் சிரிக்க மாட்டார். அந்தப் பாதி வரும்போது நீங்களும் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஆசாமியின் பெயர் ஜெயவேலு. கணக்கு வாத்தியார். அவருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும்தான் உண்டு. நம்பாமலே பயப்படுவதற்குத் தனித் திறமை வேண்டும். அது அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

1986. இரும்புலியூர்ப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். இன்னும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்த வருஷம் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்தது. எண்ணூறு பிள்ளைகளுக்கு இரண்டு. ஒரு அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, தரையில் பச்சை விரிப்பு ஒட்டி, இரண்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். தலைமை ஆசிரியர் ராஜகோபால் தேங்காய் உடைத்தார். இரண்டு கம்ப்யூட்டர் திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, கதவைப் பூட்டினார். அத்தோடு கம்ப்யூட்டர் கல்வி இனிதே தொடங்கியது.

வாசலில் ஒரு போர்டு: ‘காலணிகளை வெளியே விடவும்.’ தூசி பட்டால் மிஷின் செத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். உறை போட்ட இரண்டு பெட்டிகளைத் தரிசனம் செய்துவிட்டுப் போவார்கள். மற்றபடி பாடமெல்லாம் கரும்பலகையில்தான். படம் வரை, பாகங்களைக் குறி.

ஜெயவேலு செப்டம்பரில் செய்யாறிலிருந்து மாற்றலாகி வந்தார். சேர்ந்த அன்றே ராஜகோபால் அவர் கையில் அந்த அறைச் சாவியை வைத்து, விரல்களை மடக்கியும் விட்டார்.

“நீங்க மேத்ஸ் இல்லையா? கம்ப்யூட்டர் உங்களுக்குத்தான் சார்.”

“எனக்கு டேப் ரிக்கார்டரே சரியாப் போடத் தெரியாது சார்.”

“அதெல்லாம் டிரெயினிங் குடுப்பாங்க.”

ஸ்டாஃப் ரூமில் இருந்த ஒருவர்கூடப் பொறாமைப்படவில்லை. அது அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவனுக்கு ஒரு பொறுப்பு கிடைக்கும்போது பொறாமைப்படாத ஸ்டாஃப் ரூம் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

பயிற்சி கிண்டியில் நடந்தது. எட்டுப் பேருக்கு ஒரு மிஷின். ஜெயவேலுவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் வேலூர்க்காரர், ஆஜானுபாகு. பயிற்சி முழுக்க ஜெயவேலு ஊன்றிக் கற்றது அவருடைய பிடரியைத்தான். கடைசி நாளில் சான்றிதழும், ஒரு காகிதத்தில் அச்சடித்த மாதிரி ப்ரோகிராமும் கொடுத்து அனுப்பினார்கள். வாய்ப்பாடு போடும் ப்ரோகிராம். அதை அவர் மடித்துப் பையில் வைத்தார். நவம்பர் வரை எடுக்கவில்லை.

நவம்பரில் எடுக்க வேண்டி வந்தது.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இணை இயக்குநர் வர்றார்” என்றார் ராஜகோபால். “மிஷின் ஓடணும். ஓடலைன்னா ரெண்டு பெட்டியையும் வேற ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

போனால் போகட்டும் என்று ஜெயவேலுவின் முகம் மலர்ந்தது.

“கூடவே உங்களையும். ராமநாதபுரம் பக்கம்.”

மலர்ந்தது சுருங்கியது.

வீட்டில் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு நிறை மாதம். இந்த வாரமா அடுத்த வாரமா என்று டாக்டரே சொல்லவில்லை. முதல் குழந்தை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, போகாத கோயிலில்லை, பார்க்காத வைத்தியமில்லை என்று ஆன பிறகு வரப்போகிற குழந்தை. விஷயத்தைக் கேட்டதும் சாமுண்டீஸ்வரி ஒன்றுதான் சொன்னாள்.

“கண்ணைத் தொறக்கும்போது அது உங்க மூஞ்சியப் பாக்கணும். ராமநாதபுரத்துலேர்ந்து வர்ற இன்லாண்டு லெட்டரப் பாக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

ஆகவே அன்று பள்ளி விட்ட பிறகு ஜெயவேலு வீட்டுக்குப் போகவில்லை. ப்ரோகிராமை அடித்து, ஓட்டிப் பார்த்து, மிஷினோடு இணைத்த டேப் ரிக்கார்டரில் பதிவு செய்துவிட்டால் போதும். காலையில் டேப்பைப் போட்டால் மிஷின் தானே ஓடும். அவ்வளவுதான் வேலை.

மழை தூறிக்கொண்டிருந்தது. பியூன் சவுரிமுத்து டீ கொண்டுவந்தார். வாசலுக்கு வெளியே, தரையில் வைத்தார்.

“உள்ள கொண்டாந்து வைப்பா.”

“செருப்பு கழட்டணும் சார். பேஜாரு.”

ஜெயவேலு அவர் காலைப் பார்த்தார். “உன் கால்லதான் செருப்பே இல்லையே!”

“அதான் சார். கழட்டறதுக்கே இல்லாதப்ப எப்டி உள்ள வர்றது?”

இதற்குப் பதில் கணக்கில் கிடையாது. சவுரிமுத்து போகப் போனவர் திரும்பினார்.

“ஆறு மணிக்குள்ள கெளம்பிடு சார்.”

“ஏம்பா?”

“மழ பெய்து.”

“பெஞ்சா என்ன?”

“நான் கேட்டாண்ட கீறேன். கூப்ட்டீன்னா... வரமாட்டேன். சும்மா சொல்லி வெக்கிறேன்.”

போய்விட்டார்.

ஜெயவேலு செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் விழுந்தது. கதவை ஒட்டி இரண்டாவது கம்ப்யூட்டர். உள்ளே தள்ளி, ஜன்னலோரம், முதல் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். போட்டார். ஸ்டெபிலைசர் ‘ங்ங்ங்’ என்று முனகியது. இரண்டு மிஷினும் ஒன்றுபோல ‘பூ... பீப்’ என்றன.

ஜன்னலோர மிஷினின் உறையை மட்டும் கழற்றினார். மற்றதைத் தொடவில்லை. ஒன்றைக் கெடுத்தால் போதாதா? அது உறைக்குள்ளேயே மங்கலாக வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

அடிக்க ஆரம்பித்தார். ஒற்றை விரல். கோழி அரிசி பொறுக்குவது மாதிரி. ‘P’ எங்கே? இதோ. ‘R’ எங்கே? காணோம். இருக்கிறது. PRINT என்ற ஒரு வார்த்தைக்கே நெற்றி வியர்த்தது. ஆனால் அடித்தது திரையில் வந்தபோது... சின்னதாக ஒரு சந்தோஷம். யாருக்கும் சொல்ல மாட்டார். இருந்தது.

ஆறு வரி முடிந்ததும் டீ ஞாபகம் வந்தது. எழுந்து வாசலுக்கு வந்தார்.

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு இருந்தது.

ஒன்று அவருடையது. பக்கத்தில் இன்னொன்று. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. பெண்கள் போடுவது. இடது செருப்பின் வார் அறுந்து, சேஃப்டி பின் குத்தியிருந்தது. நன்றாக நனைந்திருந்தது.

யாரோ டீச்சர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது.

“டீச்சர்?”

வராந்தா நீளமாகக் கிடந்தது. யாருமில்லை.

“யாரு டீச்சர் அது?”

மழைச் சத்தம்.

டீயை எடுக்கக் குனிந்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. செருப்பு நனைந்திருந்தது. ஆனால் வராந்தாத் தரை காய்ந்திருந்தது. ஈரக் கால் தடம் ஒன்றுகூட இல்லை. அப்புறம், அவர் உதறிப் போட்ட செருப்பு... இப்போது ஜோடியாக, நேராக, அந்த நீலச் செருப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஜெயவேலு தர்க்கம் தெரிந்தவர். பேய்க்குக் கால் கிடையாது. கால் இல்லாத ஒன்றுக்குச் செருப்பு தேவையில்லை. ஆகவே, செருப்பு இருப்பதால், இது பேய் இல்லை. நிரூபிக்கப்பட்டது.

இந்த நிரூபணம் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சுமார் நாலு நிமிஷம்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். ஏழாவது வரி. எட்டாவது வரி.

டொப்...

நிமிர்ந்தார்.

டொப்... டொப்...

கூரை ஒழுகுகிறதா? அண்ணாந்து பார்த்தார். காய்ந்த கூரை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. மிஷின் கீயைத் தட்டுகிற ‘டிக்’கும் இல்லை. கெட்டியான அட்டையின் மேல் விரல் நுனியால் தட்டினால் வருமே... அந்தச் சத்தம்.

டொப்... டொப்... டொப்...

தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஒன்று வந்தது. ஹார்ன் அடித்தது. ஜன்னல் கம்பி கடகடவென்று ஆடியது.

சத்தம் நின்றுவிட்டது.

ரயில் போயிற்று. கம்பி அடங்கியது.

டொப்... டொப்...

அடுத்த ரயில் எதிர்ப் பக்கம். ஹார்ன். மறுபடி சத்தம் நின்றது. ரயில் முழுசாகக் கடந்து போகும்வரை நின்றது. பிறகு, தயங்கித் தயங்கி, ஆரம்பித்தது.

ஜெயவேலு மெதுவாகத் தலையைத் திருப்பினார். கதவோர மிஷினின் உறை அப்படியே இருந்தது. வெளிச்சம் அப்படியே இருந்தது. நாற்காலி மட்டும்... மேஜைக்கடியில் தள்ளியிருந்த நாற்காலி... ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வெளியே வந்திருந்தது.

எழுந்து ஓடலாம். ஆனால் கதவுக்குப் போக அந்த நாற்காலியைத் தாண்ட வேண்டும்.

ராமநாதபுரம், ராமநாதபுரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். முருகன் பேரைச் சொல்வதற்குப் பதில் வாயில் அதுதான் வந்தது. பன்னிரண்டு வரி. இன்னும் இரண்டே வரி. அடித்துப் பதிவு செய்துவிட்டால்...

கரண்ட் போயிற்று.

மணி ஆறு இருபத்தைந்து. கடைசியாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தது அப்போதுதான்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. ஸ்டெபிலைசரின் முனகல் நின்றது. அவர் முன்னால் இருந்த திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. பன்னிரண்டு வரியும் போயிற்று. பதிவு செய்யாதது ஒன்றும் மிஞ்சாது என்று கிண்டியில் சொன்னார்கள். அது மட்டும் பிடரியைத் தாண்டிக் காதில் விழுந்திருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கையை எடுத்தார்.

கை தெரிந்தது.

இருட்டில் தன் விரல்கள் எப்படித் தெரிகின்றன?

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் ஒரு விளக்குக்கூட இல்லை. எங்கும் கரண்ட் இல்லை.

கதவோர மிஷினில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

உறை மெதுவாக நழுவியது. சரசரவென்று... ஒரு பக்கமாக... கீழே விழுந்தது.

குங்குமப் பொட்டு வைத்த திரை. வெளுத்த வெளிச்சம். எதிரே காலி நாற்காலி.

டொப். டொப். டொப். டொப். டொப்.

திரையில் எழுத்து வந்தது.

PRONT "WELCIME"

மிஷின் உடனே பதில் சொன்னது.

Mistake

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டொப். டொப். டொப்...

PRONT "WELCIME"

Mistake

மறுபடி.

Mistake

மறுபடி.

Mistake

வேகம் கூடியது. இப்போது சத்தத்தில் ஒரு படபடப்பு. விரல்களுக்கு இடம் தெரிந்திருந்தது. தேடவில்லை. தடுமாறவில்லை. பத்து விரலும் பாடம் பண்ணி வைத்த மாதிரி, கண்ணால் பார்க்காமலே அடிக்கிற வேகம். மிஷின்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

Mistake
Mistake
Mistake

தூரத்தில் ஹார்ன்.

சத்தம் நின்றது. ரயில் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. அந்த அதிர்வுக்கு நடுவில் ஜெயவேலுவுக்குக் கேட்டது. நாற்காலிப் பக்கம்... யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

ரயில் போயிற்று.

மூச்சு வெளியே வந்தது.

PRONT...

Mistake

அதற்கப்புறம் ஒரு சத்தம் வந்தது. டொப் இல்லை. சின்ன விசும்பல். எத்தனை தடவை போட்டாலும் கணக்கு வராத பிள்ளை, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் விடுகிற விசும்பல்.

வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. எரிகிற வீட்டில் மாட்டிக்கொண்டாலும், சுவரில் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிட்டுத்தான் ஓடுவார்கள். ஜெயவேலுவின் கண் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் வாய்... வாய் அவரைக் கேட்காமல் பேசிவிட்டது.

“ஐ-யும் ஓ-வும் மாத்தி அடிக்கிறம்மா.”

அறை அப்படியே உறைந்தது.

பேய்க்குப் பாடம் நடத்திவிட்டோம் என்று அவருக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. ஆரம்பித்ததை நிறுத்தவும் தெரியவில்லை.

“யூ-வுக்குப் பக்கத்துல... ஐ. அதுக்கு அடுத்ததுதான்... ஓ. நிதானமா... பாத்து... அடி.”

நாற்காலி கிறீச்சிட்டது.

மேஜையை நோக்கி... அரை அடி... நகர்ந்தது.

டிக்.

இப்போது அட்டைச் சத்தம் இல்லை. உண்மையான கீ. அழுந்துவது கண்ணுக்கே தெரிந்தது.

டிக். டிக். டிக். டிக்.

PRINT "WELCOME"

திரை ஒரு கணம் யோசித்தது.

WELCOME

ஒன்றும் அசையவில்லை. பிறகு கீகள் மழை மாதிரி விழ ஆரம்பித்தன. 10... 20... 30... வரி மேல் வரி. அந்த வரிகள்... அவருடைய பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தில் இருந்தவை. அதில் இல்லாதவையும் இருந்தன.

அந்த மேஜையிலும் ஒரு டேப் ரிக்கார்டர். அதன் சிவப்புப் பொத்தான்...

தானே அமுங்கியது.

டக்.

‘கீ...ர்ர்ர்ர்ர்ர்’ என்று ஒரு ஓலம்.

ஜெயவேலு ஓடினார். நாற்காலியை எப்படித் தாண்டினார் தெரியாது. தாண்டும்போது இடது தோளில் சில்லென்று பட்டது மட்டும் தெரியும். வாசலில் இருட்டில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு... கேட்டில் சவுரிமுத்து ஏதோ கேட்டார். நிற்கவில்லை.

வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. சாமுண்டீஸ்வரி துண்டோடு வந்தாள். தலையைத் துவட்டினாள். பிறகு கீழே பார்த்தாள்.

“வலது கால்ல உங்க செருப்பு. சரி. இடது கால்ல யாரு செருப்பு?”

நீல வார். சேஃப்டி பின்.

“சாமு... அது...”

“நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்னு சொன்னீங்க. யாரு அந்த இன்ஸ்பெக்டரம்மா?”

சிரிக்கத்தான் கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். நிறை மாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு ஐந்தடி ஒன்பதங்குல கணக்கு வாத்தியார் இரவு முழுக்க நடுங்கினார். வயிற்றுக்குள்ளிருந்து இரண்டு தடவை உதை வந்தது. தைரியம் சொல்கிற மாதிரி இருந்தது.

அந்தச் செருப்பை வெளியே விட்டிருந்தார்கள். காலையில் அதைக் காணவில்லை.

பள்ளிக்கு வெறுங்காலோடு போனார். கம்ப்யூட்டர் அறை வாசலில் அவருடைய இடது செருப்பு மட்டும் இருந்தது. துடைத்து, நேராக வைத்திருந்தது. நீலச் செருப்பு எதுவும் இல்லை.

கதவு திறந்தபடியே கிடந்தது. உள்ளே கதவோர மிஷின் உறை போட்டு ஒழுங்காக இருந்தது. நாற்காலி உள்ளே தள்ளியிருந்தது. கனவு என்று நம்ப மிகவும் ஆசைப்பட்டார்.

பத்து மணிக்கு இணை இயக்குநர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதவோர மிஷின் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ராஜகோபால், வாசல் வரைக்கும் மட்டும்.

“ஓட்டுங்க, பாக்கலாம்.”

தன்னிடம் ஒன்றும் இல்லை என்று ஜெயவேலுவுக்குத் தெரியும். ஒரு வரி இல்லை. ராமநாதபுரத்துக்கு எந்த ரயில் என்று யோசித்துக்கொண்டே டேப்பைப் போட்டார். ஓலம் எழுந்தது. நேற்று இரவு கேட்ட அதே ஓலம்.

திரை துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. WELCOME என்று வந்தது. பெயர் கேட்டது. அதிகாரி தன் பெயரை அடித்தார். எந்த வாய்ப்பாடு வேண்டும் என்று கேட்டது. பதினேழு என்று அடித்தார். பதினேழாம் வாய்ப்பாடு மளமளவென்று இறங்கியது. கடைசியில், காகிதத்தில் இல்லாத ஒரு வரி வந்தது: ‘நன்றாகச் செய்தாய், அடுத்த பிள்ளையை உட்காரச் சொல்’ என்று ஆங்கிலத்தில்.

அதிகாரி சிரித்தார். “பிரமாதம். யார் எழுதினது? நீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஜெயவேலுவால் முடியவில்லை.

“ஒரு டீச்சர் சார்.”

வாசலில் நின்ற ராஜகோபால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின்கள் போகவில்லை. ஜெயவேலுவும் போகவில்லை. அதிகாரியின் ஜீப் கிளம்பியதும் ராஜகோபால் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சவுரிமுத்துவும் உள்ளேதான் நின்றார்.

“உங்க கிட்ட யாரு சொன்னது?”

“என்ன சார்?”

“தையல்நாயகி டீச்சரைப் பத்தி.”

அந்தப் பெயரை ஜெயவேலு அதுவரை கேட்டதில்லை. வேண்டுமென்றேதான் அவர் காதில் விழாமல் வைத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் இரண்டு வாத்தியார்கள் அந்தச் சாவியை மறுநாளே திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

தையல்நாயகி டீச்சர் மாடம்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர். அந்த வருஷம் மே மாதம் கிண்டிப் பயிற்சிக்குப் போன முதல் ஆள். அங்கே பெண்களுக்குக் கடைசி வரிசை. எட்டித்தான் பார்க்க முடிந்தது. பயிற்சி முழுக்க ஒரு தடவைகூட மிஷினைத் தொடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து, எட்டிப் பார்த்ததை ஞாபகத்திலிருந்து அட்டையில் வரைந்தார். கீபோர்டு. நாற்பது அட்டை. மிஷின் வருவதற்கு முன்பே பிள்ளைகளை அதில் விரல் பழக வைத்தார். தானும் பழகினார், கண்ணை மூடிக்கொண்டு.

“மிஷின் வந்தா எல்லாப் பிள்ளையும் தொடணும், வரிசையா உக்காத்தி வெச்சுத் தொட வைப்பேன்னு சொல்லிக்கினே இருக்கும் சார் அது” என்றார் சவுரிமுத்து. “ஜூலைல லாரி வர்ற அன்னிக்கு, பெட்டி பிரிக்கறப்ப நான் இருக்கணும்னு, மழைல, ரயில் ரோட்ட குறுக்கால தாண்டி ஓடியாந்துது...”

அவர் தண்டவாளத்துப் பக்கம் கையைக் காட்டினார். முடிக்க வேண்டியிருக்கவில்லை.

“லாரி பத்து மணிக்கு வந்துது. டீச்சர் மிஷினப் பாக்கவே இல்ல சார்.”

“செருப்பு...” என்றார் ஜெயவேலு. “நீல வார்...”

“பின் குத்தினது. அறுந்துபோச்சுன்னு மொத நாள் நான்தான் பின் குடுத்தேன்.” சவுரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எடுக்கறப்ப வெறுங்காலு சார். தண்டவாளம் பூரா தேடுனோம். கெடைக்கவே இல்ல.”

ராஜகோபால் எழுந்து பீரோவின் பூட்டைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மாதத் தூசி. சணல் முடிச்சின் மேல் சிலந்தி வலை.

“அந்த அட்டைங்கதான். அன்னிக்கு நான் கட்டி வெச்சது. சாவி என்கிட்டதான் இருக்கு. யாரும் தொடலை.”

பிளேடால் சணலை அறுத்தார். ஜெயவேலு முதல் அட்டையை எடுத்தார். கறுப்பு மையில், கட்டம் கட்டமாக, முத்து முத்தான எழுத்து. எல்லாம் சரியாக இருந்தது. யூ-வுக்குப் பக்கத்தில் மட்டும் முதலில் ஓ, அதற்கு அடுத்து ஐ என்று வரைந்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு வந்த ஒரே பிழை.

அந்த இரண்டு எழுத்தும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. மேலே, நீல மையில், சரியாக மாற்றி எழுதியிருந்தது.

இரண்டாவது அட்டை. அதே திருத்தம். மூன்றாவது. பத்தாவது. கடைசி அட்டை வரைக்கும்.

ராஜகோபால் பிளேடைக் கீழே வைத்தார். “இந்த நீலம்... நான் கட்டும்போது இல்ல சார். சத்தியமா இல்ல.”

ஜெயவேலு அந்த ஐ-யின் மேல் கட்டை விரலை வைத்தார். எடுத்துப் பார்த்தார்.

விரல் நீலமாக இருந்தது.

மை இன்னும் காயவில்லை.